குழந்தையை எங்கே விட்டுவிட்டு வேலைக்கு வருவது? பெங்களூரில் சிறுதொழில் செய்யும் நம்மவர்கள் கேட்ட கேள்விகள்

பொம்மனஹள்ளியில் பள்ளிச் சீருடை தைக்கும் சின்ன யூனிட் ஒன்றை நடத்துகிறேன். 44 பேர் வேலை செய்கிறோம், அதில் 36 பேர் பெண்கள். பக்கத்தில் உள்ள இன்னும் இரண்டு யூனிட்காரர்களோடு சேர்ந்து மூன்று வருடமாக ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்துகிறோம். அங்கன்வாடி நேரத்தைப் பற்றி அரசு அலுவலகங்களுக்கும் நடந்துகொண்டிருக்கிறோம். இது தெரிந்த பிறகு ஹோட்டல்காரர், பேக்கரிக்காரர், பிரஸ் வைத்திருப்பவர், பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருப்பவர் என்று நம் தமிழ் ஆட்கள் பலர் போனிலும் நேரிலும் கேட்கிறார்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன்.

நாமே சின்ன முதலாளிகள். குழந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் அரசாங்கத்தின் வேலை. இதில் நமக்கு என்ன வந்தது அக்கா?

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு ஏப்ரல் மாதம், மதியம் மூன்று மணி. ஜூனில் பள்ளி திறக்கிறது, ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது. கீழே விழுந்த அளவு டேப்பை எடுக்கக் குனிந்தேன். கட்டிங் டேபிளுக்கு அடியில், காக்கித் துணிக்கட்டுகளின் மேல், மூன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. கையில் காலி நூல்கோன். அதன் தலைக்கு நேர் மேலே, பலகைக்கு அந்தப் பக்கம், கட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணின் குழந்தை அது. அங்கன்வாடி அன்று பூட்டு. எப்போதும் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாட்டி தர்மபுரிக்குப் போயிருந்தார். லைனில் இருந்த எல்லாருக்கும் விஷயம் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. பயத்தில் கத்திவிட்டேன். மறுநாள் அவர் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. ஒரு லைனில் ஓவர்லாக் நின்றால் பின்னால் இருக்கும் ஆறு மெஷினும் நிற்கும். ஆர்டர் பதினோரு நாள் தள்ளிப்போனது.

நமக்கு என்ன வந்தது என்று கேட்டால், அந்தப் பதினோரு நாள் வந்தது. அங்கன்வாடியின் பூட்டும் என் டெலிவரி தேதியும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கின்றன என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சட்டப்படி யார் காப்பகம் வைக்க வேண்டும்?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று வந்தது. இந்த 50, ஆண் பெண் எல்லாரையும் சேர்த்த கணக்கு. நாடாளுமன்றம் 2020-ல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 50 என்றே சொல்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அந்தத் தொகுப்பில் நமக்கு வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. பல நிறுவனங்கள் பணம் போட்டுச் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தலாம். அரசு, நகராட்சி, தொண்டு நிறுவனம் நடத்தும் காப்பகத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். "தனியாக இடம் இல்லை" என்று சொல்லித் தப்பிக்கும் வழி இதோடு அடைபட்டது. சேர்ந்து செய்ய நினைப்பவருக்கு வழி திறந்தது.

ஆறு மாதம் லீவு சம்பளம் கொடுத்தே நான் ஓட்டாண்டி ஆகிவிடுவேன். அதனால்தான் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை. தப்பா?

தப்புதான், கணக்கிலும் தப்பு. உங்கள் ஆட்களுக்கு இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீடு கட்டுகிறீர்களா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு மகப்பேறு காலத்து 26 வாரப் பணத்தை இஎஸ்ஐ கழகம் கொடுக்கிறது, நீங்கள் கொடுப்பதில்லை. நீங்கள் கட்டுவது மாதாமாதம் 3.25 சதவீதம். அதை ஆணுக்கும்தான் கட்டுகிறீர்கள். பத்துப் பேருக்கு மேல் வைத்துக்கொண்டு இஎஸ்ஐ கட்டாமல் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பயம் வரும். அவர்கள் பயப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு.

இஎஸ்ஐ வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு முழுச் செலவும் முதலாளி தலையில். இதில் எனக்கும் குறை உண்டு. பெண்களை வேலைக்கு வைப்பவன் மட்டும் இந்தச் செலவைச் சுமந்தால், ஆண்களை மட்டும் வைப்பவனுக்கு லாபம் என்றாகிவிடுகிறது. இதை எல்லார் தலையிலும் பரப்பச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அதைக் காரணமாக வைத்து வாசலிலேயே பெண்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

49 பேரோடு நிறுத்திக்கொண்டால் வேலை முடிந்தது. எதற்கு இவ்வளவு பேச்சு?

பழைய சட்டத்தின் 30 என்ற வரம்பைத் தாண்டாமல், நான் ஆறு வருடம் 30 பெண்களோடு நிறுத்தி வைத்திருந்தேன். முப்பத்தோராவதாக நல்ல டெய்லர் ஒருவர் வந்து வாசலில் நின்றபோது "அடுத்த மாசம் பாரும்மா" என்று அனுப்பினேன். அவர் எதிர்த் தெரு யூனிட்டுக்குப் போனார், அங்கேயும் 30 ஆனதும் நிறுத்தினார்கள். பொம்மனஹள்ளியிலும் மைசூர் ரோட்டிலும் இந்த எண்ணுக்குள் ஒளிந்துகொண்ட யூனிட்கள் எத்தனை என்று நம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பேரேட்டில் இரண்டு கம்பெனி, உள்ளே ஒரே ஷெட்.

சட்டம் ஒரு எண்ணை வைத்து, அந்த எண்ணைத் தாண்டுகிறவன் தலையில் மட்டும் செலவை வைத்தால் நாம் எல்லாரும் அதற்குக் கீழேதான் நிற்போம். அரசிடம் போய் "வரம்பை உயர்த்துங்கள்" என்று கேட்பதுதான் நம் சங்கங்களின் பழக்கம். நான் எதிர்ப்பக்கமாகக் கேட்கச் சொல்கிறேன். வரம்புக்குக் கீழே இருக்கும் எங்களுக்கும் காப்பகம் வேண்டும், ஆனால் தனித்தனியாக எங்களால் முடியாது, தொழிற்பேட்டைக்கு ஒன்று வையுங்கள், எங்கள் பங்கைத் தருகிறோம்.

சரி, அரசிடம் என்னதான் கேட்பது? குறிப்பாகச் சொல்லுங்கள்.

முதலில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மகப்பேறு விடுப்பு குழந்தையின் ஆறாவது மாதத்தோடு முடிகிறது. கட்டாயக் கல்வி உரிமை ஆறாவது வயதில் தொடங்குகிறது. 2002-ல் அரசியலமைப்பைத் திருத்தியபோது 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமை ஆக்கினார்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு "அரசு முயல வேண்டும்" என்பதோடு விட்டுவிட்டார்கள். ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் நடுவில் அம்மா என்ன செய்வாள்?

அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். 1975 முதல் இருக்கிறது, நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதும் சமைத்த சாப்பாடும் மூன்று வயதுக்குப் பிறகுதான். மூன்றுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுதான். எங்கள் பக்கத்து அங்கன்வாடி நாலு மணிக்குப் பூட்டும், என் ஷிப்ட் முடிவது ஐந்தரைக்கு. நாலு மணிக்கு லைனில் நின்று பாருங்கள். மெஷினில் கை இருக்கும், கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் விழும் தையல்தான் அதிகம் திரும்பி வருகிறது, நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

அதனால் நாங்கள் கேட்பதில் முதலாவது, நேரம். தேசியக் காப்பகத் திட்டமே ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம் என்றுதான் வகுத்தது. எட்டு மணி நேர வேலை, அரை மணி சாப்பாடு, சில்க் போர்டு சிக்னலில் பஸ்ஸில் நிற்கும் நேரம் எல்லாம் கூட்டினால் பத்து மணி நேரத்துக்குக் குறைந்து எதுவும் உதவாது. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் ஆள், கூடுதல் சம்பளம் என்றும் சேர்த்தே கேட்கிறோம். இப்போதே குறைந்த மதிப்பூதியத்துக்கு எல்லா வேலையும் பார்க்கும் அங்கன்வாடிப் பெண்ணின் தலையில் இன்னும் இரண்டு மணி நேரத்தை ஏற்றினால், ஒரு தொழிலாளிக்காக இன்னொரு தொழிலாளியைச் சுரண்டியது ஆகும்.

அடுத்தது இடம். ஒன்றிய அரசு பெண்களுக்காக நடத்தும் மிஷன் சக்தித் திட்டத்தில் பால்னா என்று ஒரு பிரிவு இருக்கிறது, அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்துவது. கர்நாடக அரசு 2023-ல் கிராமப் பஞ்சாயத்துகளில் "கூசின மனே" தொடங்கியது, குழந்தையின் வீடு என்று அர்த்தம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளுக்கானது. கிராமத்தில் குளம் வெட்டப் போகும் தாய்க்குப் புரிந்துகொண்ட தேவை, பொம்மனஹள்ளியில் காலர் தைக்கும் தாய்க்கும் இருக்கிறது. தொழிற்பேட்டைக்குள்ளே, ஆலைகளிலிருந்து நடக்கும் தூரத்தில் வையுங்கள் என்கிறோம். ஒன்றிய அரசு 2018-ல் வெளியிட்ட காப்பக வழிகாட்டுதல் 500 மீட்டர் என்கிறது. மூன்று வயதுக்குக் கீழே பத்துக் குழந்தைக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆள் என்றும் சொல்கிறது. புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம், எழுதியதைச் செய்தால் போதும்.

வியாபாரி சொல்லி அரசாங்கம் எப்போதாவது கேட்டிருக்கிறதா?

பள்ளியில் சோறு போடுவது எங்கே ஆரம்பித்தது? காமராசர் என்போம், 1956. மாநிலம் முழுக்கக் கொண்டுபோனவர் அவர்தான். ஆனால் 1920-லேயே சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கிவிட்டது. மாணவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. கொண்டுவந்தவர் மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர். நீதிக்கட்சித் தலைவர் என்று தெரியும். நெசவும் தோலும் அவர் தொழில் என்பதை மறந்துவிடுகிறோம். தறி வைத்திருந்த ஆளுக்குத் தெரியும், பசியோடு இருக்கும் பிள்ளை பள்ளிக்கு வராது, தறிக்குத்தான் வரும். சில வருடத்தில் மேலே இருந்த ஆங்கிலேய அரசு அந்தச் செலவை ஒத்துக்கொள்ளாததால் நின்றுபோனது. மாநிலம் முழுக்க வர முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

இந்த ஊரிலும் அந்தப் பழக்கம் இருக்கிறது. இங்கே வர்த்தக சபையை 1916-ல் தொடங்கி வைத்தவர் அன்றைய மைசூர் திவான் விஸ்வேஸ்வரய்யா, இப்போது எஃப்கேசிசிஐ என்கிறோம். சிறுதொழிலுக்கு 1949 முதல் காசியா என்ற சங்கம் இருக்கிறது. பட்ஜெட்டுக்கு முன்னால் அரசு அவர்களைக் கூப்பிட்டுப் பேசும். மின் கட்டணம், நிலம், வரி என்று பட்டியல் போகும். அதில் ஒரு வரி அங்கன்வாடிக்கு ஒதுக்கச் சொல்லுங்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் கேட்பது.

பெரிய முதலாளிகள்தான் கோடி கோடியாகக் கொடுக்கிறார்களே. பிரேம்ஜி, நீலேகனி என்று. நாம் எதற்கு?

கொடுக்கிறார்கள், நிறைய. 2024-ல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை கர்நாடக அரசோடு ஒப்பந்தம் போட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் அரசு முட்டை கொடுத்தது, மீதி நான்கு நாளைக்கு அறக்கட்டளை. மூன்று வருடத்துக்குச் சுமார் 1,500 கோடி ரூபாய். வாரத்தில் ஆறு முட்டை என்பது சாதாரண விஷயம் இல்லை. எங்கள் ஹெல்பர் ஒருவரின் மகன் விரலை மடக்கி எண்ணிச் சொல்வான்.

ஆனால் மூன்று வருடம் முடிந்தால்? பணம் தனியாருடையது, உரிமை இல்லை. நன்கொடை கொடுத்தவரைக் கும்பிடலாம், கேள்வி கேட்க முடியாது. பட்ஜெட்டில் வந்துவிட்டால் எம்எல்ஏவை நிறுத்திக் கேட்கலாம். பெரியவர்கள் பணத்தைக் கொடுத்து வழியைக் காட்டட்டும். அதை அரசின் வேலையாக மாற்றச் சொல்லும் குரல் எங்கள் மாதிரி ஆட்களிடமிருந்து வந்தால் எண்ணிக்கையில் கனம் இருக்கும்.

சிஎஸ்ஆர், அதாவது பெரிய கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகத்துக்குச் செலவழிப்பது பற்றி ஒரு சந்தேகம் அடிக்கடி வருவதால் இங்கேயே சொல்கிறேன். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனிக்குத்தான் அந்த 2 சதவீதக் கடமை. நாம் அதில் இல்லை. நமக்கு ஆர்டர் கொடுக்கும் பெரிய கம்பெனி இருக்கலாம். தன் ஊழியர்களுக்கு மட்டும் உதவும் செலவு சிஎஸ்ஆரில் சேராது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளும் வரும் காப்பகம் என்றால் பேசிப் பார்க்கலாம்.

வெளிநாட்டில் முதலாளிகள் இப்படிக் கேட்கிறார்களா?

அமெரிக்காவில் ரெடிநேஷன் என்று தொழிலதிபர்கள் சேர்ந்த குழு ஒன்று இருக்கிறது. பள்ளிக்கு முந்தைய கல்வி, குழந்தைப் பராமரிப்பு இதற்கெல்லாம் பணம் ஒதுக்கச் சொல்லிச் சட்டம் செய்கிறவர்களிடம் பேசுவதுதான் அவர்கள் வேலை.

எனக்குப் பிடித்தது பழைய கதை. இரண்டாம் உலகப் போரின்போது போர்ட்லண்டில் கைசர் கம்பெனியின் கப்பல் தளத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வெல்டிங் செய்தார்கள். 1943-ல் அரசுப் பணத்தில் தளத்தின் வாசலிலேயே காப்பகம் கட்டினார்கள். ராத்திரி ஷிப்டுக்கும் திறந்திருக்கும். வேலை முடிந்து போகும் அம்மா, சமைத்த சாப்பாட்டையும் விலைக்கு வாங்கிக் கையோடு எடுத்துப் போகலாம். போர் முடிந்ததும் மூடிவிட்டார்கள். கப்பல் வேண்டியபோது முடிந்தது, வேண்டாதபோது முடியவில்லை.

லாபம் என்ன என்று எண்ணில் காட்டச் சொல்கிறார் என் பார்ட்னர்.

நோபல் வாங்கிய பொருளாதாரக்காரர் ஜேம்ஸ் ஹெக்மேன், மிச்சிகனில் 1960-களில் நடந்த பெர்ரி பள்ளிச் சோதனையை எடுத்துக் கணக்குப் போட்டார். ஏழைக் குழந்தைகளுக்கு மூன்று நான்கு வயதில் செய்த செலவு, சமூகத்துக்கு வருடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் திருப்பித் தந்தது என்றார். பார்ட்னரிடம் ஃபிக்ஸட் டெபாசிட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஆனால் அது 123 குழந்தைகளை வைத்த சோதனை, வேறு நாடு. அதை அப்படியே பெங்களூருக்குப் பொருத்திப் பேசினால் விவரம் தெரிந்த அதிகாரி மடக்கிவிடுவார். உங்கள் வருகைப் பதிவேட்டை எடுத்துப் போங்கள். யார், எந்த நாள், குழந்தைக்காக வரவில்லை என்று மூன்று மாதம் எழுதி வையுங்கள். எங்கள் மனுவில் அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்த ஒரே பக்கம் அதுதான்.

எல்லாரும் படித்துவிட்டால் நாளைக்குத் தையலுக்கும் லேத்துக்கும் யார் வருவார்கள்?

இதைக் கேட்டவர் என்னைவிட வயதில் பெரியவர், பெயர் வேண்டாம். அவருடைய இரண்டு பிள்ளைகளும் இன்ஜினியரிங் படிக்கிறார்கள்.

மனு யாரிடம் கொடுப்பது? எப்படி எழுதுவது?

அங்கன்வாடி என்றால் பெண்கள், குழந்தைகள் நலத்துறை. உங்கள் பகுதி சிடிபிஓவிடம் (குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்) தொடங்குங்கள். ஆலைக் காப்பகம் என்றால் தொழிலாளர் துறை, பன்னேர்கட்டா சாலையில் கார்மிக பவன். பக்கத்து அரசுப் பள்ளி விஷயம் என்றால் எஸ்டிஎம்சி என்னும் பள்ளிக் குழுவில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரிடம் முதலில் பேசுங்கள், அவர்களில் ஒருவர் உங்கள் தொழிலாளியாகவே இருப்பார்.

மனு கன்னடத்தில் இருக்கட்டும். நமக்கு எழுத வராவிட்டால் எழுதத் தெரிந்த தொழிலாளி யூனிட்டிலேயே இருப்பார். எங்களுக்கு எழுதித் தந்தது கோலாரிலிருந்து வரும் பட்டன் மெஷின் பெண். ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. நகலில் இன்வர்டு நம்பரோடு சீல் வாங்காமல் நகராதீர்கள். ஓர் அலுவலகத்தில் எங்கள் முதல் மனு நாலு மாதம் கழித்து "அப்படி எதுவும் வரவில்லையே" என்று ஆனது. இரண்டாவது முறை சீலைக் காட்டியதும் பீரோ திறந்தது.

தனியாகப் போகாதீர்கள். முதலாளிகள் மூன்று பேர், தாய்மார்கள் மூன்று பேர் என்று போங்கள். முதலாளி மட்டும் போனால் சலுகை கேட்க வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். தொழிலாளி மட்டும் போனால் உட்காரவே சொல்ல மாட்டார்கள்.

வாயைத் திறந்தால் இன்ஸ்பெக்டர் நம் யூனிட்டுக்கே வந்து நிற்க மாட்டாரா?

நிற்கலாம். பிஎஃப், இஎஸ்ஐ, கழிவறை, தீயணைப்பு எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிட்டுப் பேசுங்கள்.

உங்கள் காப்பகம் எப்படி நடக்கிறது? எந்த மொழியில்?

யூனிட்டிலிருந்து மூன்று நிமிட நடை. தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு. வாடகையையும் இரண்டு ஆயாக்களின் சம்பளத்தையும் மூன்று யூனிட்களும் ஆட்கள் எண்ணிக்கைப்படி பிரித்துக்கொள்கிறோம். ஒரு தொழிலாளிக்கு என்று வகுத்துப் பார்த்தால், நான் தினம் வாங்கித் தரும் இரண்டு வேளை டீயும் பன்னும் ஆகிற செலவுதான். காரை மாற்ற வேண்டிய வருடத்தில் மாற்றவில்லை, அவ்வளவுதான் நஷ்டம்.

ஒரு ஆயா கன்னடம், இன்னொருவர் ஓசூர் பக்கத்துத் தமிழ். குழந்தைகள் "ஊட்டா" என்றும் "சோறு" என்றும் ஒரே வாயில் கேட்கிறார்கள். ஒடிசாக் குழந்தை ஒன்று "பாட்டி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பிறகு அவர்கள் போகப்போவது கன்னடப் பள்ளிக்கோ ஆங்கிலப் பள்ளிக்கோ. அதனால் பாட்டும் கதையும் இரண்டு மொழியிலும் நடக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். தூளி மட்டும் நம் ஊர் வழக்கம், பழைய காட்டன் சேலையில் கட்டியது.

ஆண் தொழிலாளி தன் குழந்தையைக் கொண்டுவந்து விடலாமா?

எங்களிடம் விடலாம். ஒருநாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கும் உரிமையைச் சட்டம் தாய்க்குத்தான் சொல்கிறது. குழந்தைக்கு அப்பாவும் உண்டு என்பதை அதில் எழுத வேண்டும் என்பது எங்கள் மனுவின் கடைசி வரி. எங்கள் கட்டிங் மாஸ்டரின் மனைவி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிறார், பகலில் தூங்க வேண்டும். முதல் நாள் மாஸ்டர் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு, பால் பாட்டிலைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்தபோது லைனே சிரித்தது. இப்போது யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பதினொன்றரைக்கு கட்டரை அணைத்துவிட்டு, கையில் ஒட்டிய காக்கிப் பஞ்சைத் தட்டிக்கொண்டே கிளம்பிப் போவார், பத்து நிமிடத்தில் திரும்பி வருவார்.